எந்த கேபின் எடுப்பது என்று கேட்டாயே

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த வாரம் அது, சொட்டு மருந்து விடுவதும் கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்வதுமாகவே நாள் போனது. இப்போது நன்றாக இருக்கிறார். சுவரில் தொங்கும் காலண்டரின் தேதியைக் கட்டிலில் இருந்தபடியே படித்துச் சொல்லும்போது எனக்குத்தான் கண் கலங்குகிறது. என் பெரியவள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். உன் சின்னவன் நடக்கப் பழகாமல் நேராக ஓடவே ஆரம்பித்துவிட்டான் என்று நீ எழுதியதை இவரிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

சரி, கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். குடும்பத்தோடு சுற்றுலாக் கப்பலில் போகும்போது தங்கும் அறைக்கு, பால்கனி வைத்த கேபினா, ஜன்னல் மட்டும் போதுமா, இல்லை ஒன்றுமே இல்லாத உள் கேபின் எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். நாங்கள் பிள்ளைகளோடு மூன்று முறை போய் மூன்று முறையும் வேறு வேறு மாதிரி கேபினில் தங்கியவர்கள், அதனால் ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

கேபினில் யார் இருக்கப் போகிறார்கள், தூங்க மட்டும்தானே, உள் கேபினே எடு என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளை இல்லாதவர்களுக்கும், பெரிய பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் அது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சரிவராது. நினைத்துப் பார், அவன் மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவான், ராத்திரி எட்டு மணிக்குப் படுத்துவிடுவான். கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் பெரும்பாலும் மூன்று வயது முடிந்து, டயப்பர் இல்லாமல் இருந்தால்தான் விட முடியும். நீச்சல் குளத்திலும் டயப்பர் போட்ட குழந்தையைப் பல கப்பல்களில் இறக்க விடமாட்டார்கள். ஆகவே உங்கள் இரண்டு பேரில் ஒருவர் தினமும் நாலைந்து மணி நேரம், முழுக்க விழித்துக்கொண்டு, கேபினுக்குள்தான் இருக்கப் போகிறீர்கள். அந்த நேரத்தில் எங்கே உட்காருவது என்பதை யோசித்துத்தான் கேபினைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்ற எல்லாம் அப்புறம்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் சின்னவளுக்கு ஒன்றரை வயதில் போனபோது உள் கேபின் எடுத்தோம். 150, 160 சதுர அடி இருக்கும், விளக்கை அணைத்தால் கையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் தெரியாத இருட்டு. அவள் நன்றாகத் தூங்கினாள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் கண் மூடியதும் நான் எங்கே போவது? விளக்குப் போட்டால் விழித்துக்கொள்வாள். முதல் நாள் ராத்திரி குளியலறைக்குள் போய், கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்து, மூடிய கழிப்பறை மேல் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். வாசலில் ஒரு சாண் உயரத்தில் இரும்பு வாசற்படி, அதில் காலை வைத்துக்கொண்டு, அவள் மூச்சுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி. ஐந்து ராத்திரியும் அப்படித்தான். வெளியே கடல் இருக்கிறது என்பதே மறந்துபோனது. இன்னொன்று, ஜன்னல் இல்லாததால் காலையா நடுராத்திரியா என்று குழந்தைக்கும் தெரியாது, மூன்று மணிக்கு எழுந்து விளையாட வா என்று கூப்பிட்டாள்.

அடுத்த முறை பால்கனி எடுத்தோம். இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, அவ்வளவுதான் இடம். அவள் தூங்கியதும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தோம், கப்பல் கிழித்துப் போகும் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பிள்ளைகள் பிறந்த பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அந்தப் பயணத்தில்தான். கூடுதலாகக் கொடுத்த பணம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கே தகும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சின்னவன் ஓடுகிறானே, பால்கனி பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பயப்பட வேண்டிய விஷயம்தான், நான் மறுக்க மாட்டேன். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களுக்காக 2010-இல் கொண்டுவந்த சட்டம் கைப்பிடி குறைந்தது 42 அங்குலம் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது மூன்றரை அடி. கீழே பெரும்பாலும் கண்ணாடித் தடுப்பு இருக்கும். தரையில் நிற்கும் இரண்டு வயதுப் பிள்ளையால் அதைத் தாண்ட முடியாது, ஆபத்து நாற்காலியில்தான் இருக்கிறது. ஏறி நிற்கக்கூடிய எதையும் கைப்பிடி ஓரம் விடாதே. நாங்கள் உட்கார்ந்து எழுந்ததும் இரண்டு நாற்காலியையும் உள்ளே இழுத்துப் போட்டுவிடுவோம். கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போனவுடனே பார், பல கப்பல்களில் இருக்கும். ஒரு நிமிஷம்கூட அவனை அங்கே தனியாக விடக் கூடாது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் இதை யாரும் சொல்லமாட்டார்கள்: பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது நடைபாதைப் பக்கக் கதவையும் திறந்தால் காற்று உள்ளே புகுந்து அடித்து, அந்தக் கனமான கதவு பீரங்கி போல மூடிக்கொள்ளும். என் பெரியவள் விரல் நூலிழையில் தப்பியது. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் அன்றைக்கே சொல்லி வைத்தோம்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் திறக்க முடியாத ஜன்னல் வைத்த கேபின் எடு, வெளிச்சமாவது வரும். ஆனால் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கி மறைக்கிறதா என்று கேட்டுக்கொள். ஜன்னல் என்று பெயர், பார்த்தால் ஆரஞ்சு நிறப் படகின் முதுகு தெரியும்.

இனி இடம். எந்த வகை கேபின் என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நாங்கள் முதல் பயணத்தில் மேல் தளம்தான் உசத்தி என்று நினைத்து, நீச்சல் குளம் இருக்கும் தளத்துக்கு நேர் கீழே எடுத்துவிட்டோம். விடிவதற்கு முன்னாலேயே மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். இரும்புத் தளத்தில் இழுபடும் அந்தக் கிறீச் சத்தம் நம் தலைக்குள்ளேயே இழுப்பது போல இருக்கும். கைக்குழந்தை எழுந்து அழ, பெரியவள் எழுந்து அவளும் அழ, மொத்தப் பயணமும் தூக்கக் கலக்கத்திலேயே போனது. கப்பலின் டெக் பிளான், அதாவது ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம், கிடைக்கும். நீ பார்க்கும் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தளமாகப் புரட்டிப் பார். இரண்டு பக்கமும் கேபின்களாகவே இருந்தால் நிம்மதி. மேலே சமையலறை, கீழே நாடக அரங்கு அல்லது நடன அரங்கு என்றால் வேண்டாம். முன்கோடியில் நங்கூரம் இறக்கும் சத்தமும், பின்கோடியில் இயந்திர அதிர்வும் இருக்கும்.

உன் அம்மாவுக்குப் பஸ்ஸில் போனாலே தலை சுற்றும் அல்லவா? அப்படியென்றால் நீளத்தில் நடுவாகவும், உயரத்தில் கீழ்த் தளமாகவும் பார். சீசா பலகை ஆடும்போது நடுவில் உட்கார்ந்தவர்கள் அதிகம் ஏறி இறங்கமாட்டார்களே, கப்பலும் அப்படித்தான், இரண்டு கோடிகளில்தான் ஆட்டம் அதிகம். பக்கவாட்டில் சாயும்போது மேல் தளங்கள்தான் அதிகம் அசையும். லிஃப்டுக்குப் பக்கம் என்பது நல்லது, ஆனால் லிஃப்ட் வாசலை ஒட்டி வேண்டாம், ஏழெட்டுக் கதவு தள்ளி இருக்கட்டும்.

படுக்கைக் கணக்குக்கு வருகிறேன். நீங்கள் நாலு பேர், அம்மாவோடு ஐந்து. நாலு பேர் கேபின் என்றால் கீழே இரண்டு, மேலே ரயில் அப்பர் பெர்த் மாதிரி சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் இரண்டு, அல்லது அதில் ஒன்றும் ஒரு சோபா படுக்கையும். மேல் படுக்கையில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது. உன் பெரியவளுக்கு ஒன்பது, ஏறிப் படுக்க அவளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். சின்னவனுக்கு மடக்குத் தொட்டில் கேட்டால் தருவார்கள், முன்கூட்டியே சொல்லி வை, ஆனால் அதை விரித்தால் தரையில் நடக்க இடம் இருக்காது. கைக்குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று ஐந்தாவது ஆளைச் சேர்க்க முடியாது. உயிர்காப்புப் படகில் ஒவ்வொரு தலைக்கும் இடம் கணக்கு உண்டு, பச்சைக் குழந்தையும் ஒரு தலைதான். நாலு பேர் கேபின்கள் கப்பலில் கொஞ்சமாகத்தான் இருக்கும், அதனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஆகவே உனக்கு இரண்டு கேபின்தான். நடுவில் கதவு வைத்த கனெக்டிங் கேபின்கள் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடு. பக்கத்துப் பக்கத்து கேபின் என்று சொன்னால் அதற்கு நடுவில் கதவு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, கதவு உண்டா என்று வாய்விட்டுக் கேள். அது கிடைக்காவிட்டால் நீ, அண்ணன், சின்னவன் மூன்று பேரும் பால்கனி கேபினில், அம்மாவும் பேத்தியும் நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் உள்ள உள் கேபினில். சின்னவன் நடுராத்திரி அழுதாலும் அவர்கள் தூக்கம் கெடாது, அம்மாவும் பகலில் உன் பால்கனியில் வந்து உட்காரலாம். பெரும்பாலும் ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருந்தாக வேண்டும் என்பார்கள், அம்மா இருப்பதால் அதிலும் சிக்கல் இல்லை. அம்மாவின் கேபினில் கீழ்ப் படுக்கை இரண்டையும் பிரித்துப் போடச் சொல்லி முதலிலேயே எழுதிக் கொடு. கேபின் எண்ணை அப்புறம் கப்பல்காரர்களே ஒதுக்குவார்கள், கொஞ்சம் மலிவு என்று ஒரு வகை டிக்கெட் உண்டு. அதன் பக்கமே போகாதே, ஒரு கேபின் முன்கோடியிலும் இன்னொன்று நாலு தளம் தள்ளியும் விழலாம்.

குளியலறையில் பெரும்பாலும் ஷவர்தான், தொட்டி வேண்டுமென்றால் கேட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். டிஸ்னி கப்பல்களில் பல கேபின்களில் கழிப்பறை தனி, குளியலறை தனி, பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அது பெரிய வசதி. கழிப்பறை காற்றால் உறிஞ்சுகிற வகை, படாரென்று சத்தம் வரும், சின்னவனை முதல் முறை பயமுறுத்திவிடும், மூடியை மூடிவிட்டு அழுத்து. பெரும்பாலான கப்பல்களில் சுவர் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி நாலைந்து கொண்டு போ, ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் தரைக்கு வராமல் தொங்கும். காலிப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஏறின உடனே சின்னவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று அறைப் பணியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள், அலமாரியில் இருப்பவை பெரியவர்களுக்கானவையாக இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய். நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டு மூன்று கேபின் எண்களையும், கப்பல் பெயரையும் எனக்கு எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நானும் இவரும் டெக் பிளானை விரித்து வைத்து, மேலே என்ன, கீழே என்ன, நடுக்கதவு உண்டா என்று பார்த்து அன்றைக்கே சொல்லிவிடுகிறோம். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். சின்னவனுக்கு என் முத்தம்.

அன்புடன்,
உன் தோழி