மகளுக்கு: ஒரே சட்டியில் மாட்டிறைச்சி மக்கரோனி

அன்பு மகளுக்கு,

இரவில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சீரியல் என்கிறாய், இல்லாவிட்டால் பெட்டி மக்கரோனி என்கிறாய். கனடாவின் தண்டர் பே நகரத்துக் குளிரில் நாள் முழுதும் லாப்பில் நின்றுவிட்டு வருகிற பிள்ளைக்கு அது காணாது. உனக்குச் சமைக்கத் தெரியும். நாலைந்து பாத்திரம் கழுவ வேண்டுமே என்கிற அலுப்புத்தான் உன்னை மறிக்கிறது. அதனால் ஒரே சட்டியில் முடிகிற சாப்பாடு ஒன்றை எழுதுகிறேன். இதை அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்.

இது வட அமெரிக்கப் பக்கத்துச் சமையல்தான். 1937இல் கிராஃப்ட் டின்னர் என்கிற பெட்டி மக்கரோனி கடைக்கு வந்தது. 1971இல் ஜெனரல் மில்ஸ் கம்பெனி ஹாம்பர்கர் ஹெல்பர் பெட்டியை அமெரிக்கா முழுதும் விற்கத் தொடங்கியது. பெட்டிக்குள் பாஸ்டாவும் சுவைத்தூளும் இருக்கும். ஒரு பவுண்ட் அரைத்த இறைச்சியோடு ஒரே சட்டியில் போட்டு அவித்தால் குடும்பமே வயிறு நிறையச் சாப்பிடலாம். இறைச்சி விலை ஏறியிருந்த காலத்தில் அது நல்ல யோசனை. இன்றைக்கும் நல்ல யோசனைதான். பெட்டியில் வரும் அந்த உப்புத் தூள் மட்டும் நமக்கு வேண்டாம்.

நான் வேலை செய்த இத்தாலியன் ரெஸ்டாரன்டில் பாஸ்டாவைப் பெரிய பானையில் உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்து அவிப்போம். சோஸில் சேர்க்கும்போது அந்தத் தண்ணீரில் ஓர் அகப்பை மொண்டு ஊற்றுவோம். பாஸ்டா விட்ட மா அதில் கரைந்திருக்கும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைப்பது அந்த மாதான். ஒரே சட்டியில் அவிக்கும்போது அதில் ஒரு துளிகூட வெளியே போகாது. கிரீம் ஒன்றும் விடாமலே சோஸ் திக்காக, வழுவழுவென்று வரும். ஆகவே பாஸ்டாவைக் கழுவாதே, தண்ணீரை வடிக்காதே.

கடையில் அரைத்த மாட்டிறைச்சிப் பாக்கெட்டின் பெயரைப் பார்த்து வாங்கு. ரெகுலர் என்றால் கொழுப்பு 30 வீதம் வரை இருக்கலாம், மீடியம் 23, லீன் 17, எக்ஸ்ட்ரா லீன் 10. லீன் எடு. எக்ஸ்ட்ரா லீன் வறண்டுபோகும். ரெகுலர் மலிவாகக் கிடைத்தால் அதையும் வாங்கலாம், ஆனால் வறுத்தபின் கொழுப்பை வடித்து ஒரு வெறும் டின்னில் ஊற்றி, உறைந்தபின் குப்பையில் போடு. சிங்கில் ஊற்றினால் குழாய் அடைத்துவிடும். வாங்கிய இறைச்சியை ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாளுக்குள் சமை, இல்லாவிட்டால் ஃபிரீசரில் போடு.

அளவு சொல்கிறேன், நாலு நேரத்துக்குக் காணும். இறைச்சி 450 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி மூன்று பல், தக்காளிப் பேஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி, 398 மில்லிலிட்டர் தக்காளி டின் ஒன்று, தண்ணீர் மூன்று கப், எல்போ மக்கரோனி 250 கிராம், சீஸ் 150 கிராம்.

இனி முக்கியமான இடம். அடி கனமான சட்டியை நன்றாகச் சூடாக்கி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, இறைச்சியைப் பரப்பிப் போடு. போட்டதும் கிளறாதே! முதலில் இறைச்சியிலிருந்து தண்ணீர் வெளிவந்து சளசளவென்று கொதிக்கிற சத்தம் கேட்கும், நிறமும் சாம்பலாக இருக்கும். பலர் அந்த இடத்தில் வெந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நீ பொறு. தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும். சுர்ரென்று பொரிகிற சத்தம் வரும். கீழ்ப்பக்கம் கடும் மண்ணிறமாகும், சட்டியின் அடியிலும் அந்த நிறம் பிடிக்கும். இந்தச் சாப்பாட்டின் ருசி முழுதும் அங்கேதான் இருக்கிறது. அதன்பிறகு உடைத்துக் கிளறி, வெங்காயமும் உள்ளியும் போட்டு வதக்கு.

பிறகு அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகத்தை நுணுக்கிப் போடு. இத்தாலியன் சாசேஜிலும் பெருஞ்சீரகம் உண்டு, நம்முடைய கறித்தூளிலும் உண்டு, அதனால் அம்மா வறுத்துத் தந்த தூள் ஒரு தேக்கரண்டி போட்டாலும் இரண்டும் ஒத்துப்போகும். தக்காளிப் பேஸ்டைப் போட்டு, அது செங்கல் நிறமாகும் வரை பிரட்டு. தக்காளி டின்னையும் தண்ணீரையும் ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டு. பிடித்திருந்ததெல்லாம் சோஸில் கரைந்துவிடும். கொதி வந்ததும் மக்கரோனியைப் போட்டு, நெருப்பைக் குறைத்து மூடு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறு. தக்காளியோடு அவிவதால் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட மூன்று நாலு நிமிடம் கூட எடுக்கும். வற்றிப்போனால் சுடுதண்ணீர் கொஞ்சம் விடு. அரைத்த இறைச்சி உள்ளே 71 பாகை செல்சியஸ் சூடாக வேண்டும். இந்தக் கொதியில் அது தாராளமாக வந்துவிடும்.

சீஸுக்கு அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்கிற சட்டியில் போட்டால் எண்ணெய் தனியாகவும் சீஸ் கட்டி கட்டியாகவும் பிரியும். மீடியம் செடார் வாங்கு. கூடுதல் காலம் பழுக்கவைத்த ஓல்ட் செடாருக்கு ருசி கூட, ஆனால் உருகும்போது சீக்கிரம் எண்ணெய் கக்கும். துருவி வருகிற பாக்கெட்டும் வேண்டாம், ஒட்டாமலிருக்க அதில் மாப்பொடி தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கி நீயே துருவு. இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஒவ்வொரு பிடியாகப் போட்டுக் கிளறு. உப்பைக் கடைசியில் பார், சீஸிலேயே போதிய உப்பு இருக்கும்.

உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிற பெண்பிள்ளை மாட்டிறைச்சி தொடுவதில்லை என்றாய். வீட்டில் பொதுவாக இருக்கிற சட்டியை இதற்கு எடுக்காதே. உனக்கென்று ஒன்று வாங்கு, காசு அனுப்புகிறேன். அவளும் சேர்ந்து சாப்பிடுகிற நாளில் இறைச்சிக்குப் பதில் காளானைப் பொடியாக வெட்டிப் போடு. அதற்கும் தண்ணீர் வற்றி நிறம் பிடிக்கும் வரை பொறுக்க வேண்டும். தவக்காலம் வருகிறது, இறைச்சி தவிர்க்கிற வெள்ளிக்கிழமைகளில் உனக்கும் அது உதவும்.

மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஃபிரிட்ஜில் வை, மூன்று நாளுக்குள் சாப்பிட்டு முடி. அடுத்த நாள் இறுகிப்போயிருக்கும். கொஞ்சம் பால் தெளித்துச் சூடாக்கு.

இந்தச் சனிக்கிழமை செய்து பார். சட்டிக்குள் எப்படி இருக்கிறது என்று படம் அனுப்பு, சோஸ் தண்ணீராக இருந்தாலும் இறுகியிருந்தாலும் பார்த்துச் சொல்கிறேன். தூள் இன்னும் ஒரு பை வறுத்து வைத்திருக்கிறது. வாசிப்பு வார விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா