சாவி கொடுத்த பிறகும் வந்தவர்களுக்கு

அன்புள்ள சிஸ்டர்களுக்கும், ஃபாதருக்கும், இன்ஜினியர் சாருக்கும், நாகூர் ஜமாத் பெரியவர்களுக்கும், விடுமுறை நாளில் வந்து மண் சுமந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நாகை மாவட்டத்துச் சுனாமி குடியிருப்பு ஒன்றின் மகளிர் குழுக்கள் சார்பில் இதை எழுதுகிறேன். வருகிற 2024 டிசம்பர் 26-ஆம் தேதியோடு கடல் ஏறி வந்து இருபது வருஷம் நிறைகிறது. அன்றைக்குக் கரையில் பால் ஊற்றுவோம், பூப் போடுவோம், அழுவோம். யாருக்கும் சால்வை போர்த்துகிற நாள் இல்லை அது. அதனால்தான் முன்னாடியே எழுதிவிடுகிறோம். பெயர் எதுவும் போடக்கூடாது என்று சிஸ்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போடவில்லை. யாரைச் சொல்கிறோம் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும்.

அரசுக் கணக்குப்படி நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் போனார்கள். தண்ணீர் வடிந்ததும் எங்கள் கையில் முதல் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தவர்கள் நாகூர் பாய்மார்கள். செத்தவர்கள் என்ன சாமி கும்பிட்டார்கள் என்று கேட்காமல் புதைக்க இடம் கொடுத்தது நாகூர் தர்கா. அந்தக் கடனை எழுத்தில் தீர்க்க முடியாது. ஆனாலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பிறகு தார் ஷீட் கொட்டகை. அதைப் பற்றி அதிகம் எழுத மனசு வரவில்லை. 2005 கோடையில் பகல் பதினொரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது, பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அதே வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் பேய் மழை, கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கைக்குழந்தைகளை வாங்கி வாங்கி மேட்டுக்குக் கொண்டுபோன சிஸ்டர்தான், வீடு கட்டுகிற பேச்சு வந்தபோதும் எங்களோடு உட்கார்ந்தார்.

2005 மார்ச் மாதம் 172-ஆம் எண் அரசாணை வந்தது. நிலம் அரசு கொடுக்கும், தொண்டு நிறுவனங்கள் முன்வந்து கட்டலாம், வீடு ஒன்றுக்கு ஒன்றரை லட்சம், அளவு முந்நூறு சதுர அடிக்குச் சற்று மேல், பட்டா புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும். இந்தக் கடைசி வரியைப் போட்ட அதிகாரிக்கும் நன்றி, அவர் யாராக இருந்தாலும் சரி. அதுவரை எங்கள் கடற்கரையில் ஒரு பொம்பளையின் பெயரில் ஒரு அடி மண் இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரைச் சிஸ்டர்களும் ஃபாதரும் சேர்ந்த தொண்டுச் சங்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டு மாதா கோவில்களில் ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் உண்டியலில் போட்ட காசு அது என்று ஃபாதர் சொன்னார். முகம் தெரியாத அந்த ஜனங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஊரில் எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பத்தான் செய்தது. சிஸ்டர்கள் பதில் பேச்சு பேசவில்லை. அஸ்திவாரம் போட்ட அன்று எங்கள் பூசாரியைத்தான் முதலில் சூடம் கொளுத்தச் சொன்னார்கள். ஃபாதர் ஓரமாக நின்று ஜெபம் சொன்னார். ஜமாத் பெரியவர்கள் துவா ஓதினார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட எங்களை ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வா என்று கூப்பிட்டதில்லை.

இன்ஜினியர் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாளில் போட்ட படத்தைக் காட்டினால் எங்களுக்கு என்ன புரியும்? அவர் சுண்ணாம்புப் பொடியை எடுத்து, வீட்டை அதே நீள அகலத்தில் தரையில் கோடு போட்டார். உள்ளே வந்து நடந்து பாருங்கள் என்றார். நடந்தோம். இது அடுப்படி என்றதும் ஒருத்தி உட்கார்ந்து மீன் அரிகிற மாதிரி செய்து பார்த்துவிட்டு, முதுகு சுவரில் இடிக்கிறதே என்றாள். இன்னொருத்தி படுத்துப் பார்த்தாள், காலை நீட்டினால் வாசற்படி. பின்பக்கம் கதவு இல்லாமல் மீன் அன்னக்கூடையை எந்த வழியாகக் கொண்டுபோவது, நடுவீட்டிலா என்று கிழவிகள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அவர் காலால் கோட்டை அழிப்பார், மறுபடி போடுவார். சாயங்காலத்துக்குள் அவர் வேட்டியெல்லாம் வெள்ளை. கழிப்பறை வீட்டுக்குள் வேண்டாம், புறக்கடையில் தள்ளிக் கட்டுங்கள் என்றோம், அதையும் கேட்டார். மனையைச் சமப்படுத்த வந்த புல்டோசர் முன்னால் நின்று, பூவரச மரங்களை விட்டுவிட்டுச் சுற்றிப் போகச் சொன்னதும் அவர்தான். இன்று வலை பின்னுகிறவர்களும், சீட்டுக் கட்டுகிற எங்கள் குழுவும் உட்காருவது அந்த நிழலில்தான்.

வீடு கட்டிக் கொடுத்த நிறுவனங்கள் இந்தக் கடற்கரையில் எத்தனையோ. சாவி கொடுத்து, கல்வெட்டு வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கூரை கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் எங்கள் சிஸ்டர்கள் சாவி கொடுத்த மறுநாளும் வந்தார்கள். அதற்கு அடுத்த வாரமும் வந்தார்கள். இன்றைக்கும் வருகிறார்கள்.

ஏன் வர வேண்டியிருந்தது என்றால், கரையில் ஒட்டி ஒட்டி இருந்த குடிசைகள் போய், கோடு போட்ட தெருவில் வந்து விழுந்தோம். தாயும் மகளும் வெவ்வேறு தெரு. கடல் கண்ணுக்குத் தெரியாது. புருஷனை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கான்கிரீட் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். குடிசையில் இருந்திருந்தால் யாராவது எட்டிப் பார்த்திருப்போம். புது வீட்டில் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவுகளைத் தட்டியவர்கள் சிஸ்டர்கள்.

கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டு, பெற்ற பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். திரும்பக் கருத்தரிக்க வழி செய்யும் ஆபரேஷனை அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. ஆனால் யார் போய் எழுதிக் கொடுப்பது, ஆஸ்பத்திரியில் யார் துணைக்கு இருப்பது, மறுபடியும் பிள்ளை பெறலாமா, போன பிள்ளைக்குத் துரோகம் ஆகாதா என்று ராத்திரி அழுகிறவளிடம் யார் பேசுவது? ஒரு சிஸ்டர் பேசினார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். எல்லாருக்கும் பலிக்கவில்லை. பலிக்காதவர்கள் வீட்டுக்குத்தான் அவர் அதிகம் போனார். பலித்தவர்களில் ஒருத்தியின் மகள் இந்த வருஷம் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். அவள் ஃபாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்ததும் அதே சிஸ்டர்.

தலைச்சுமையாக மீன் விற்கிறவர்களுக்கு ஐஸ் வாங்கக் காலையில் கடன், சாயங்காலம் வட்டியோடு அடைப்பு என்று இருந்தது. குழு ஆரம்பித்துக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்து, கந்துவட்டிக்காரரை வாசலோடு நிறுத்தினார்கள். விசைப்படகில் கூலிக்குப் போகிற வீடுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அரிசிக்குக் கஷ்டம். அதற்கென்று வருஷம் முழுக்க ஒரு உண்டியல் நிறைகிறது. மாலை வகுப்பு, தனியாக இருக்கிற கிழடுகளுக்கு மத்தியானச் சாப்பாடு, முதியோர் பென்ஷனுக்கு மனு என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

பத்து வருஷம் தாண்டியதும் உப்புக்காற்று வேலையைக் காட்டியது. கம்பி துருவேறி உப்பி, தூங்குகிறவர்கள் மேல் காரை பெயர்ந்து விழுந்தது. தகவல் போனதும் இன்ஜினியர் சார் வந்தார். தலையெல்லாம் நரைத்திருந்தது. எங்கள் பையன்களை ஏணியில் ஏற்றி, சுத்தியல் கட்டையால் கூரையைத் தட்டச் சொன்னார். கணீர் என்றால் விடு, பொத்தென்று கேட்டால் அங்கே வட்டம் போடு. வட்டம் போட்ட இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துருவுக்கு மருந்து அடித்து, கலவை பூசக் கற்றுக்கொடுத்தார். கடல் தண்ணீர் பட்ட மணலைக் கலவையில் சேர்த்தால் உன் அம்மா தலையில் நீயே கல்லைப் போடுகிறாய் என்று அவர் அதட்டியது பையன்களுக்கு இன்னும் மனப்பாடம். இப்போது பக்கத்து ஊர்ச் சுனாமி வீடுகளுக்கும் அவர்கள்தான் பூச்சு வேலைக்குப் போகிறார்கள்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை ஏறியபோது, சுற்றுவட்டாரக் குடிசைக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீடுகளில்தான் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நிற்க இடமில்லை. ஓடு பறந்தது, மரம் விழுந்தது, எங்கள் கூரை ஒன்றும் ஆகவில்லை. இன்ஜினியர் சார், இதை உங்களிடம் நேரில் சொன்னபோது நீங்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறோம்.

கடைசியாக ஒரு விஷயம். முதல் நாளிலிருந்து எங்களோடு இருந்த பெரிய சிஸ்டருக்குத் தை மாதம் மாற்றல் என்று கேள்விப்பட்டோம். மடத்து உத்தரவை எங்களால் தடுக்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டை இனி குழுக்கள் முறை வைத்துச் சமைப்பதாகத் தீர்மானம் போட்டுவிட்டோம், வீட்டுக்கு ஒரு படி அரிசி மாதாமாதம் வந்துவிடும். மாலை வகுப்பை நர்சிங் படிக்கிற பிள்ளையும் அவள் தோழிகளும் லீவு நாளில் பார்த்துக்கொள்வார்கள். கணக்கு நோட்டைப் பார்க்க மட்டும் மாசம் ஒருமுறை வாருங்கள் சிஸ்டர். பஸ் ஏற்றிவிடும்போது நெத்திலிக் கருவாடு கட்டித் தருவோம், வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

இப்படிக்கு,
மகளிர் குழுக்கள் சார்பில், செயலாளர்