தசமக் கழித்தலில் பிள்ளைகள் சறுக்கும் இடம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். கூட்டலிலும் பெருக்கலிலும் நன்றாகச் செய்தவர்கள்கூட ஒரே இடத்தில் சறுக்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். முழு எண்ணிலிருந்து தசம எண்ணைக் கழிக்கும் கணக்கு அது. தயவுசெய்து கவனக்குறைவு என்று திட்டிவிடாதீர்கள். அந்தத் தப்புக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது.

20-லிருந்து 3.75-ஐக் கழிக்கச் சொன்னால் பலர் 17.75 என்று எழுதுகிறார்கள். 20-இல் 3 போனால் 17. புள்ளிக்குப் பிறகு மேலே எதுவும் இல்லாததால், 75-ஐ அப்படியே கீழே இறக்கிவிடுகிறார்கள். 5.2-லிருந்து 3.47-ஐக் கழிக்கும்போதும் இதே கதைதான்: 7 தனியாகக் கீழே இறங்கி, விடை 1.87 ஆகிவிடுகிறது. சரியான விடை 1.73.

மேலே ஒன்றும் எழுதவில்லை என்றால் அங்கே பூஜ்யம் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. 20 என்பதும் 20.00 என்பதும் ஒன்றேதான். இருபது ரூபாய் என்றாலும் இருபது ரூபாய் பூஜ்யம் பைசா என்றாலும் கையில் இருப்பது அதே பணம். ஆனால் இன்றைய பிள்ளைகள் பைசாவைக் கண்ணால் பார்த்ததில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின. 50 பைசா சட்டப்படி இன்னும் செல்லும், கடையில்தான் யாரும் வாங்குவதில்லை. மிட்டாய் வாங்கி மீதிச் சில்லறை எண்ணியே நாம் கற்றுக்கொண்டதை, அவர்கள் காகிதத்தில் மட்டும் கற்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போது இப்படிச் செய்யுங்கள். முதலில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. வலது ஓரத்தை ஒட்டி எழுதும் பழக்கம் முழு எண்களில் வந்தது, இங்கே அதுதான் காலை வாரிவிடும். அப்புறம் காலி இடத்தில் பூஜ்யம் போட்டு 20.00 என்று எழுதச் சொல்லுங்கள். கடைசி இடத்தில் 0-விலிருந்து 5 போகாது. பக்கத்தில் கடன் கேட்டால் அங்கேயும் 0, அதற்கு அடுத்ததும் 0. பத்தாம் இடத்தில் உள்ள 2-தான் கொடுக்க வேண்டும். அது 1 ஆகிறது. ஒன்றாம் இடத்துக்கு 10 வந்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு 9 ஆகிறது. அடுத்த இடமும் அப்படியே 9. கடைசி இடத்துக்கு 10. இப்போது 10-இல் 5 போனால் 5, 9-இல் 7 போனால் 2, 9-இல் 3 போனால் 6, முன்னால் 1. விடை 16.25. இந்தக் கடன் வாங்கும் வரிசையைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

முடித்ததும் விடையையும் கழித்த எண்ணையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 17.75-உம் 3.75-உம் சேர்ந்தால் 21.50. இருந்ததே 20 தானே என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். நாங்கள் போடும் சிவப்பு மைப் பெருக்கல் குறியைவிட இது ஆழமாகப் பதியும்.

அடுத்த முறை சமையல் எரிவாயு சிலிண்டர் வரும்போது பிள்ளையையும் வாசலுக்கு அழைத்துப் போங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையில் எழுதியிருக்கும். கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லலாம். தராசு 30 கிலோ காட்டி, பட்டையில் 15.8 என்று இருந்தால், உள்ளே எவ்வளவு எரிவாயு? வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்க வேண்டும். அந்த எண் வருகிறதா என்று பிள்ளையே கழித்துச் சொல்லட்டும்.

நூறில் ஒரு பங்கெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கும் பிள்ளைக்கு பி.டி. உஷாவைச் சொல்லுங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41 விநாடி, உஷாவின் நேரம் 55.42. கழித்தால் 0.01. அந்த வித்தியாசத்தில் வெண்கலம் கைநழுவியது.

கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதினால் இடம் மாறாது. வாங்க முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் சொன்னால் போதும், பள்ளியிலிருந்தே தருகிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை இதே பகுதியில் ஒரு சிறு தேர்வு வைக்கிறோம். அதன் மதிப்பெண் எதிலும் சேராது.

அன்புடன்,
தலைமையாசிரியர்