மருந்து அடிக்கச் சொல்லும் முன் சிலந்தியை எண்ணச் சொல்லுங்கள்: மதுரை மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பகுதி நெல் விவசாயிகள்

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை

பொருள்: நெல் வயலில் தீமை செய்யும் பூச்சிகளைத் தின்னும் சிலந்தி, பொறிவண்டு, தட்டான் முதலியவற்றைக் காப்பாற்றவும், முட்டை ஒட்டுண்ணி அட்டைகளை உரிய நாளில் வழங்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்த மனுவில் மானியமோ இழப்பீடோ கேட்கவில்லை. எங்கள் பகுதியில் நெல்லுக்கு மருந்து அடிக்கும் முடிவை எதை வைத்து எடுக்கிறோம் என்பது மாற வேண்டும், அதற்கு உங்கள் உத்தரவு வேண்டும். அவ்வளவுதான்.

தூரின் அடியில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையானுக்கு எப்போது மருந்து அடிக்கலாம் என்பதற்கு நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே ஓர் அளவு சொல்லியிருக்கிறது. தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி இருந்தால் அடிக்கலாம். ஆனால் குத்துக்கு, அதாவது பல தூர்கள் சேர்ந்த ஒரு நெற்செடிக்கு, ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சி வரும்வரை பொறுக்கலாம். அதாவது வயலில் சிலந்தி இருந்தால் தாங்கும் அளவு இரண்டு மடங்காகிறது. இது யாரோ இயற்கை ஆர்வலர் சொன்னது இல்லை, பல்கலைக்கழகப் பரிந்துரை. அப்படியிருக்க, வயலுக்கு வந்து குத்தை விலக்கிப் பார்த்து, "சிலந்தி இத்தனை இருக்கிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம்" என்று சொல்லும் ஆளை எங்கள் பக்கம் காண்பது அரிதாக இருக்கிறது. பூச்சியை மட்டும் எண்ணுகிறார்கள். பல சமயம் அதையும் எண்ணுவதில்லை, பக்கத்து வயலில் அடித்துவிட்டான் என்பதே போதுமானதாக இருக்கிறது.

உண்மையில் நடப்பதைச் சொல்கிறோம். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிரில் நாலு இலை சுருண்டு வெளுத்திருந்தால் மனசு கேட்காது, மருந்துக்கடைக்குப் போவோம், அங்கே விலை குறைவாகவும் வேகமாகவும் வேலை செய்வதாக எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துதான். இலைச்சுருட்டுப் புழு செத்துவிடும், நமக்கும் நிம்மதி. அப்புறம் கதிர் வரும் நேரத்தில் வயல் நடுவில் வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து நிற்கும். அது புகையான். முதல் மருந்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. அந்தப் பருவத்தில் இலைப்புழு கொஞ்சம் தின்றாலும் நெல் புதுத்தூர் வெடித்து ஈடுகட்டிக்கொள்ளும் என்பதும், நட்ட முதல் 30 நாளில் இலை தின்னும் புழுவுக்கு மருந்து அடிக்க வேண்டியதில்லை என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்வதும் எங்களில் பலருக்குத் தெரியாத சேதி.

தொடர்பு என்னவென்றால், புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் கீறிச் செருகி வைக்கிறது. மேலே அடிக்கிற மருந்து அந்த முட்டைகளை அதிகம் தொடுவதில்லை. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுகள் வெளியே வரும். சாதாரணமாக அந்த முட்டைகளை உறிஞ்சிக் குடிக்க ஒரு சின்ன பச்சை நாவாய்ப்பூச்சி இருக்கும், மிரிட் என்று அதிகாரிகள் சொல்வார்களே அது. தப்பிப் பிறந்த குஞ்சுகளைப் பிடிக்கத் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில், தூரின் அடியில் ஓநாய் சிலந்தி சுற்றிக்கொண்டிருக்கும். இது வலை பின்னி உட்கார்ந்து காத்திருக்கிற சிலந்தி இல்லை, ஓடிப் பிடிக்கும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 வரை தத்துப்பூச்சிகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்து அடித்ததும் இந்த இரண்டும் முதலில் போய்விடுகின்றன. புகையானுக்கு இறக்கை உண்டு, காற்றோடு வந்து திரும்ப இறங்கிவிடும், ஒன்று நூறுக்கு மேல் முட்டையிடும். சிலந்தி அப்படிப் பெருகாது. பெண் சிலந்தி முட்டைப்பையைச் சுமந்து, பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிந்து, வரப்பிலிருந்து மெதுவாகத்தான் வயலுக்குள் திரும்ப வரவேண்டும். இந்த இடைவெளியில்தான் புகையான் வெடிக்கிறது. உடனே இன்னொரு மருந்து, அதைவிட விலை அதிகமானது.

இதில் இன்னொன்றையும் தாங்கள் கவனிக்க வேண்டும். நட்ட புதிதில், தீமை செய்யும் பூச்சி ஒன்றுமே இல்லாத நேரத்திலும் சிலந்தி வயலில் இருக்கும். சேற்றில் மக்குகிற தொழுவுரம், தழை இவற்றைத் தின்று வளரும் சின்னச் சின்னக் கொசு போன்ற பூச்சிகளைத் தின்றுதான் அது அப்போது உயிர் வாழ்கிறது. ஆகவே முன்னெச்சரிக்கை என்ற பேரில் ஆரம்பத்திலேயே அடிக்கும் மருந்துதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல் என்பது எங்கள் கருத்து. பயன் ஏதும் இல்லாமல் காவலை மட்டும் எடுத்துவிடுகிறது.

இந்தோனேசியா இதை நாடு முழுக்கப் பட்டுத் தெரிந்துகொண்டது. மானியத்தில் மருந்தை வாரிக் கொடுத்து, புகையான் தலைவிரித்தாடி, கடைசியில் 1986-ல் அந்நாட்டு அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்து உத்தரவு போட்டார். சில ஆண்டுகளில் மருந்து மானியத்தையும் நிறுத்தினார்கள். விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்து எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி என்று கற்றுக்கொடுத்தார்கள். அரிசி குறைந்து போய்விடவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெளுக்கவைத்தபோது எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒரு சின்னக் குளவி ஒட்டுண்ணிதான் அதை அடக்கியது. மரவள்ளிக்கு வந்த வேறொரு மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணி கொண்டுவந்து 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். எங்கள் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, மருந்து அடிக்காதீர்கள், ஒட்டுண்ணிகள் செத்துவிடும் என்று சொன்னது வேளாண்மைத் துறையேதான். தென்னைக்குச் சொன்னதை நெல்லுக்குச் சொல்ல என்ன தயக்கம்? இதற்கு வெளிநாட்டிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதுகூட இல்லை, வேண்டிய உயிர்கள் வரப்பிலேயே இருக்கின்றன.

அடுத்து, அட்டை விஷயம். குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி (பூச்சி முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் மிகச் சிறிய குளவி) அட்டை கட்டச் சொல்கிறார்கள், எக்டேருக்கு 5 சிசி (கன சென்டிமீட்டர்) அளவு. நல்ல யோசனை, நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது யூரியா மூட்டை மாதிரி கிடங்கில் கிடக்கக்கூடிய பொருள் இல்லை. அட்டையில் இருப்பது உயிர். சில நாளில் குளவி வெளியேறிவிடும், அதற்கப்புறம் கையில் இருப்பது வெறும் காகிதம். குருத்துப்பூச்சிக்கு நட்ட 30-ஆம் நாளும் 37-ஆம் நாளும் கட்ட வேண்டியது, கேட்டுப் போகும்போது இருப்பு இல்லை, வந்ததும் சொல்கிறோம் என்பார்கள், வரும்போது பயிர் தொண்டைக்கதிரில் நிற்கும். எந்த அலுவலகத்தையும் குறிப்பிட்டுக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கள் பகுதியில் நடவு ஒரே நாளில் நடப்பதில்லை, பெரியாறு பாசனத் தண்ணீர் வருவதைப் பொறுத்து ஊருக்கு ஊர் தள்ளித் தள்ளி நடக்கிறது, ஆகவே ஒரே தேதியில் மொத்தமாக அட்டை வந்தால் பாதிப் பேருக்குப் பயன்படாது. ஊர்வாரியாக நடவுத் தேதியை உதவி வேளாண்மை அலுவலர் எழுதி வாங்கி, அதன்படி துறையின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு முன்கூட்டியே தேவைப்பட்டியல் அனுப்பினால் இது தீர்ந்துவிடும். விரிவாக்க மையங்களில் அட்டை வைக்கக் குளிர்பெட்டி இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வரப்பு பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது ஆள் கிடைக்காததால் வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பது சாதாரணமாகிவிட்டது. மொட்டை வரப்பில் சிலந்தி எங்கே ஒதுங்கும்? வரப்பில் தட்டைப்பயறு, உளுந்து, சூரியகாந்தி, செண்டுமல்லி போட்டால் பொறிவண்டுக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் தேனும் மகரந்தமும் நிழலும் கிடைக்கும், வீட்டுக்குப் பயறும் ஆகும். நெல் விதை வழங்கும்போதே வரப்புக்கென்று ஒரு கிலோ பயறு விதையைச் சேர்த்துக் கொடுக்கும்படி கேட்கிறோம். அறுத்த வயலில் கிடக்கும் வைக்கோலைச் சிறு கட்டாகக் கட்டி வயலோரம் குச்சியில் நிறுத்தினால் சிலந்தி தங்கும், அதற்குக் காசும் வேண்டாம்.

பயிற்சி என்றால் மண்டபத்தில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கையெழுத்து வாங்குவது வேண்டாம். வயலில் நடத்துங்கள். களையெடுக்கிற பெண்களையும், கூலிக்கு மருந்து அடிக்கிற ஆட்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள், அவர்களுக்கு அந்த நாள் கூலியையும் கொடுத்து. பயிருக்குள் குனிந்து நிற்பவர்கள் அவர்கள்தான். எந்தப் பூச்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பட்டாதாரரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பொறிவண்டின் புழுவைப் பார்த்துத் தீமை செய்யும் புழு என்று நினைத்து நசுக்குகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர், அது முதலை மாதிரி கறுத்து நீளமாக இருக்கும், பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் அசுவினியைத் தின்பது அதுதான்.

மருந்தே அடிக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சிலந்தியும் இருந்து, அளவையும் தாண்டிப் புகையான் போய்விட்டால் அடித்துத்தான் ஆக வேண்டும், அப்போதும் எந்த மருந்து சிலந்தியை அதிகம் கொல்லாது என்று சொல்லிக் கொடுங்கள். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது, மொட்டுப்புழு ஒன்று துளைத்தாலும் பூ விலை போகாது, அவர்கள் கஷ்டம் வேறு, அதற்கு வேளாண்மைக் கல்லூரி தனியாக வழி சொல்லட்டும்.

ஆகவே, வரும் போகத்திலிருந்து வேளாண்மைத் துறையின் பூச்சிக் கண்காணிப்பு அறிக்கையில் சிலந்தி, பொறிவண்டு, மிரிட் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் சேர்க்கவும், அந்த எண்ணிக்கை இல்லாமல் புகையானுக்கு மருந்துப் பரிந்துரை எழுதக் கூடாது என்றும் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறோம். மருந்துக்கடைகளிலும் இந்த அளவுகளைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் வயல்களைத் தருகிறோம், அடித்த வயலையும் அடிக்காத வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துறை அதிகாரிகளும் மதுரை வேளாண்மைக் கல்லூரி மாணவர்களும் வாராவாரம் எண்ணிப் பார்க்கட்டும். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் வேளாண்மை இணை இயக்குநர் இந்த மனுவுக்கு எழுத்தில் பதில் தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பகுதி நெல் விவசாயிகள்