விலக்கு உத்தரவு போதாது, குடியுரிமைக்கு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு உத்தரவு வெளியிட்டது. அதோடு இலங்கைத் தமிழ் அகதிகளின் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்டவர்கள்மீது, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்காக நடவடிக்கை இருக்காது என்பதுதான் அந்த உத்தரவின் சாரம். நல்லதுதான், வரவேற்கிறேன். ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்வது வேறு, நீ இந்த நாட்டுக்காரன் என்று ஏற்றுக்கொள்வது வேறு. 1983 முதல் இங்கே இருக்கும் மக்களுக்கு இந்த இரண்டாவது பேச்சை டெல்லி இன்னும் எடுக்கவே இல்லை. 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கிய குடும்பங்களுக்கோ அந்த முதல் சலுகைகூடக் கிடையாது.

சத்தியமங்கலம் பக்கத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பவானிசாகர் அகதிகள் முகாம் பிள்ளைகள் பலர் என்னிடம் படித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் 2003-இல் சத்தியமங்கலம் அரசு மருத்துவமனையில் பிறந்தவன். கோவையில் இன்ஜினியரிங் முடித்தான். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு நிறுவனம் அவனைத் தேர்வும் செய்தது. சான்றிதழ் சரிபார்ப்பில் பாஸ்போர்ட் கேட்டார்கள். அவனிடம் இருந்தது முகாம் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும்தான். அப்புறம் அங்கிருந்து பதிலே வரவில்லை. இப்போது அப்பாவோடு பெயின்ட் வேலைக்குப் போகிறான். முகாம் ஆண்களில் பெரும்பாலோருக்கு அதுதான் பிழைப்பு. கணக்கெடுப்பு நாள் என்றால் எந்த ஊரில் சாரம் கட்டி வேலை செய்துகொண்டிருந்தாலும் முகாமுக்கு வந்து தலை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாதாந்திர உதவித்தொகை நின்றுவிடும்.

இந்தப் பையன் ஏன் இந்தியன் இல்லை? 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய், தந்தையில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகிவிட்டது. ஆக, ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில், 1986-இல் பிறந்த அக்காவுக்கு ஓட்டு உண்டு, 1988-இல் பிறந்த தம்பிக்குக் கிடையாது. அந்த அக்காவும் நீதிமன்றப் படியேறித்தான் பாஸ்போர்ட் வாங்க வேண்டியிருக்கிறது. மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி அப்படி வழக்குப் போட்டு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்ததைப் பத்திரிகைகளில் படித்தோம்.

சரி, பிறப்பால் இல்லை என்றால் விண்ணப்பித்துப் பெறலாமே என்று கேட்கலாம். உரிய ஆவணம் இல்லாமல் நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி', அவர் விண்ணப்பிக்கவே முடியாது என்று 2003 திருத்தம் சொல்லிவிட்டது. படகில் வந்து இறங்கியவர்களை அரசே மண்டபத்தில் பதிவு செய்து, முகாம் ஒதுக்கி, அரிசியும் பணமும் கொடுத்தது. அவர்களையே சட்டவிரோதம் என்பது என்ன நியாயம்? அரசு மருத்துவமனையில் பிறந்த பிள்ளை எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தது?

பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இந்த முத்திரையை 2019 திருத்தச் சட்டம் நீக்கியது. இலங்கையை அதில் சேர்க்கவில்லை. மனமிருந்தால் சட்டத்தைத் திருத்த முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. அதனால் யார் அகதி, யாருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் அந்தந்த நேரத்து உத்தரவுகளைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

மாநில அரசு தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்து, பழுதான 7,469 வீடுகளைக் கட்டித்தரவும் உதவித்தொகையை உயர்த்தவும் முன்வந்தது. அப்போது சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், வெளியே 34,087 பேர். வீட்டையும் படிப்பையும் மாநிலம் தரலாம், குடியுரிமையை டெல்லிதான் தர வேண்டும்.

பாதுகாப்பைக் காரணம் காட்டுகிறார்கள். 1991 ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாக மாநில உளவுத்துறையின் கியூ பிரிவு போலீஸ் கண்காணிப்பில் இருப்பவர்கள் இவர்கள். இவர்கள் அளவுக்கு அரசு விசாரித்துப் பார்த்த கூட்டம் இந்த நாட்டில் வேறு எது? இங்கே குடியுரிமை கொடுத்தால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும் என்று நம்மவர்களே சிலர் வாதிடுகிறார்கள். திரும்பிப் போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், அதற்கும் அரசு உதவட்டும். ஆனால் முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டங்களுக்காக வெள்ளைக்காரன் இங்கிருந்து கூட்டிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்திலேயே 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. இவர்களைத் திரும்பிப் போ என்றால் எந்த வீட்டுக்கு, எந்த நிலத்துக்குப் போவார்கள்?

2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்வாசிகள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்து நீக்க வேண்டும். முகாம் பதிவேட்டையே பாஸ்போர்ட்டுக்கு மாற்று ஆவணமாக ஏற்று, மாவட்ட ஆட்சியர்கள் விண்ணப்பம் வாங்க வேண்டும். இங்கேயே பிறந்தவர்களின் விண்ணப்பங்களை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் உள்துறை அமைச்சரை ஒன்றாகச் சந்தித்து இந்த மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும் என்று உங்கள் இதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சத்தியமங்கலம்.