வீட்டு சோலார் விலைப்புள்ளிக்கு ஒரே படிவம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாக நாளிதழுக்குள் செருகி வரும் துண்டறிக்கைகளில் பாதி, வீட்டு மொட்டைமாடியில் சோலார் அமைப்பது பற்றியவை. எல்லாவற்றிலும் ‘ரூ.78,000 மானியம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே ‘போட்ட பணம் 3 ஆண்டுகளில் கைக்கு வந்துவிடும்’ என்ற உறுதிமொழியும் தவறாமல் இருக்கிறது. கூட்டுறவுத் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், எங்கள் தெருவில் யாருக்கு விலைப்புள்ளி, அதாவது கொட்டேஷன், வந்தாலும் ‘ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் சார்’ என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். அப்படிப் பார்த்தவற்றைக் கொண்டே இதை எழுதுகிறேன். வெயிலுக்குப் பஞ்சமில்லாத கடலூரில் சோலார் போடுவதை நான் யாருக்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் விலைப்புள்ளியை மற்றொன்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாதபடி அவை எழுதப்படுகின்றன என்பதையும், மின்பகிர்மானக் கழகம் மனம் வைத்தால் இதை எளிதில் சரிசெய்துவிடலாம் என்பதையும் தங்கள் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மானியக் கணக்கில் குழப்பம் ஏதுமில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டு மாடி சோலாருக்காகத் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின்படி, முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000, ஆக 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 என்பதே உச்சவரம்பு. அமைப்பு நிறுவப்பட்டு, வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வீட்டிலிருந்து வெளியே போகும் சோலார் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகு இந்தத் தொகை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. ஆகவே இது நிறுவனம் தரும் தள்ளுபடி அன்று. எந்த நிறுவனத்திடம் போட்டாலும் வரக்கூடிய தொகை. அப்படியிருக்க, விலையிலிருந்து மானியத்தைக் கழித்து, மிஞ்சும் தொகையை மட்டும் பெரிதாக அச்சிடுவது வாங்குபவரின் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

அண்மையில் எதிர்வீட்டு ஆசிரியர் கொண்டுவந்த இரண்டு விலைப்புள்ளிகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் 3 கிலோவாட் அமைப்புக்கானவை. ஒன்றில் ‘ரூ.1,02,000 மட்டுமே’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. மற்றொன்றில் எந்த அலங்காரமும் இன்றி ரூ.2,05,000 என்று இருந்தது. ஆசிரியரின் மனைவி முதல் தாளுக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்றார். தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று வரிகள்: ஜி.எஸ்.டி. தனி, உயரமான ஸ்ட்ரக்சர் (பேனல்களைத் தாங்கும் இரும்புச் சட்டம்) தேவைப்பட்டால் ரூ.18,000 தனி, விண்ணப்பம், மீட்டர் செலவுகள் ரூ.6,000 தனி. மானியத்துக்கு முந்தைய விலை ரூ.1,80,000. அதன்மேல் வரி ரூ.16,020. மாடியில் துணி காயப்போட வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்குப் போக வழி வேண்டும் என்பதால் உயரமான ஸ்ட்ரக்சரைத் தவிர்க்க முடியாது. எல்லாவற்றையும் கூட்டினால் ரூ.2,20,020 ஆயிற்று. இரண்டாவது தாளில் இவை அனைத்தும் அடங்கியிருந்தன. ஆக, மலிவு என்று தோன்றியது உண்மையில் பதினையாயிரம் ரூபாய் அதிகம்.

வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோலார் அமைப்பு நிறுவும் ஒப்பந்தத்தில் விலையின் 70 விழுக்காட்டைப் பொருளாகவும் 30 விழுக்காட்டைச் சேவையாகவும் கொண்டு வரி கணக்கிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கான வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததால், மொத்தத்தில் முன்பு 13.8 விழுக்காடாக இருந்தது இப்போது 8.9 விழுக்காடு. வரிக்குறைப்புக்குப் பிறகும் பழைய விழுக்காட்டையே போட்டிருந்த ஒரு தாளும் என் கைக்கு வந்தது. ரூ.1,80,000-க்கு அந்த வேறுபாடு ரூ.8,820. கேட்டபோது ‘பழைய படிவம் சார், மாற்றிவிடுகிறோம்’ என்றார்கள், மாற்றியும் கொடுத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இனி ‘3 ஆண்டுகள்’ என்ற உறுதிமொழிக்கு வருகிறேன். இது எங்கிருந்து பிறக்கிறது என்று ஒரு துண்டறிக்கையிலேயே கண்டேன். நம் பகுதியில் ஒரு கிலோவாட் சோலார் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அதன்படி 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட் தரும். இதுவரை சரி. ஆனால் அந்த 720 யூனிட்டையும் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று பெருக்கி, ஆண்டுக்கு ரூ.34,560 மிச்சம் என்று காட்டி, அதை ரூ.1,02,000-த்தோடு ஒப்பிட்டு 3 ஆண்டு என்று முடித்திருந்தார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு எல்லா யூனிட்டும் 8 ரூபாய் இல்லை என்பது மின்கட்டணம் செலுத்தும் எவருக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாக விலை ஏறி, 500 யூனிட்டைத் தாண்டிய பிறகுதான் யூனிட் விலை 8 ரூபாயைத் தொடுகிறது.

இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் செலவாகும் வீட்டுக்கு ஏறத்தாழ ரூ.3,800 கட்டணம் வருகிறது. சோலார் அதை முழுவதுமே இல்லாமல் செய்தாலும் ஆண்டுக்கு ரூ.23,000 அளவுக்குத்தான் மிச்சம். மானியம் போக ரூ.1,27,000 செலவிட்டவருக்குப் போட்ட பணம் திரும்ப ஐந்தரை ஆண்டு ஆகும். இருபத்தைந்து ஆண்டு உழைக்கக்கூடிய பொருளுக்கு இது ஒன்றும் மோசமான கணக்கு அல்ல. உண்மையைச் சொல்லியே விற்கலாம். ஆனால் 400 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டின் கட்டணமே ரூ.1,200-ஐத் தாண்டாது. அந்த வீட்டுக்கும் அதே 3 கிலோவாட்டை, அதே ‘3 ஆண்டுகள்’ என்ற வாக்கியத்தோடு விற்கிறார்கள். அங்கே போட்ட பணம் திரும்பப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. சோலார் முதலில் குறைப்பது நம் பில்லின் மேற்படியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகளை. 700 யூனிட் வீட்டில் 2 கிலோவாட் போட்டாலே 480 யூனிட் குறைந்து, மிஞ்சும் 220 யூனிட்டுக்குச் சுமார் 330 ரூபாய்தான் கட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்தப்போவது அந்த 330 ரூபாயைத்தான், அதாவது ஆண்டுக்கு ரூ.2,000. மானியத்தை நிர்ணயிக்க அரசே மூன்றாவது கிலோவாட்டின் விலையை ரூ.45,000 என்று கொண்டது, மானியம் ரூ.18,000 போனால் ரூ.27,000. இதை மீட்கப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். விரைவில் ஏ.சி. வாங்கப்போகிறவர், மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு மாறும். ஆனாலும் நான் பார்த்த எந்த நிறுவனமும், விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன் ஓராண்டு மின்கட்டண அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. மாடியின் சதுர அடியை மட்டும் அளந்துகொண்டு போனார்கள்.

விலையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது ஸ்ட்ரக்சர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் மாவட்டத்தை என்ன செய்தது என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்தக் காற்றில் மாடியில் ஆறு பேனல்கள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பேனல் ஏறத்தாழ ஏழரை அடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் உடையது. ஆறும் சேர்ந்தால் நூற்றறுபது சதுர அடிக்கு மேற்பட்ட ஒரு கப்பற்பாய்தான். கட்டடங்களுக்கான இந்தியத் தரநிர்ணயம் சென்னை, புதுச்சேரி ஆகிய கடலோர ஊர்களுக்கு அடிப்படைக் காற்று வேகத்தை விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று கொள்கிறது. மதுரைக்கும் கோவைக்கும் அது 39 மீட்டர். கோவைக்குப் போதுமான ஸ்ட்ரக்சர் கடலூருக்குப் போதாது என்பது இதிலிருந்தே விளங்கும். ஆனால் நான் பார்த்த தாள்களில் பெரும்பாலானவற்றில் இதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒரே வரி: ‘ஜி.ஐ. ஸ்ட்ரக்சர், இடத்தின் தேவைக்கேற்ப’.

இடத்தின் தேவை என்ன என்று யார் முடிவு செய்வது? ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. ஆனால் உருக்கிய துத்தநாகத்தில் முழுவதும் தோய்த்தெடுத்த இரும்பா, மெல்லிய பூச்சோடு கடையில் கிடைக்கும் குழாயை அறுத்துப் பற்றவைத்ததா என்று அந்த வரி சொல்லவில்லை. பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோய், உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலத்துக்குள் துருப் பிடிப்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். கால்களை மாடித் தளத்தில் துளையிட்டு இறுக்குவார்களா, கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்துவார்களா என்பதும் இல்லை. தட்டோடு பதித்த மாடியில் துளையிட்டுவிட்டுச் சரியாக அடைக்காமல் போனால் அடுத்த ஐப்பசியில் கூரை ஒழுகும். அப்போது சோலார்க்காரர் கட்டடத்தைக் குறை சொல்வார், கொத்தனார் சோலார்க்காரரைக் குறை சொல்வார். ஸ்ட்ரக்சரின் மொத்த எடை எத்தனை கிலோ, எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது, ஒழுகினால் யார் பொறுப்பு ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத விலைப்புள்ளியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏற்க வேண்டாம் என்றே நான் சொல்லிவருகிறேன்.

பேனலையும், அது தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மானியம் பெற வேண்டுமானால் பேனல் மட்டுமின்றி அதனுள் இருக்கும் சூரிய மின்கலமும் (செல்) இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். இதைத்தான் வணிகர்கள் டி.சி.ஆர். பேனல் என்கிறார்கள். அப்படி அல்லாத பேனல் விலை குறைவு, ஆனால் மானியம் கிடையாது. தாளில் ‘முன்னணி நிறுவனத்தின் 540 வாட் பேனல்’ என்று மட்டும் இருந்தால் எது வரும் என்று சொல்ல முடியாது. நிறுவனத்தின் பெயர், மாடல் எண், டி.சி.ஆர். என்ற சொல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மேலும் பேனல்களின் மொத்தத் திறன், இன்வெர்ட்டரின் திறன் ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்கே மானியம் கணக்கிடப்படுகிறது. 3.24 கிலோவாட் பேனலுக்கு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டரைப் போட்டு ரூ.78,000 மானியம் என்று எழுதியிருந்த ஒரு தாளில், உண்மையில் வரக்கூடியது ரூ.69,000 மட்டுமே.

மின்வெட்டின்போதும் சோலார் ஓடும் என்று வாய்மொழியாகச் சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்தே இயங்கும் சாதாரண ஆன்-கிரிட் அமைப்பு, மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அது அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. புயல் நாளில் இரண்டு மின்விசிறியாவது ஓட வேண்டும் என்பவர் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் அமைப்புக்குத் தனியாக விலை கேட்க வேண்டும்.

நான் முன்வைக்கும் கோரிக்கை இதுதான். இத்திட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற நிறுவனங்கள் மட்டுமே மானியத்துக்குரிய அமைப்பை நிறுவ முடியும் என்பதால், அவற்றைக் கட்டுப்படுத்தும் பிடி ஏற்கெனவே அதிகாரிகளின் கையில் இருக்கிறது. தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம் ஒரே பக்கத்தில் அடங்கும் தமிழ் விலைப்புள்ளிப் படிவம் ஒன்றை வகுத்து, பதிவு பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் அந்தப் படிவத்திலேயே விலை தர வேண்டும் என்று ஆணையிடலாம். மானியத்துக்கு முந்தைய முழு விலை வரியுடன் முதல் வரியில் வர வேண்டும். பேனல், இன்வெர்ட்டர் மாடல்கள், அவற்றின் உத்தரவாதக் காலம், ஸ்ட்ரக்சரின் எடையும் காற்று வேகமும், எர்த்திங் குழிகளின் எண்ணிக்கை, திட்டவிதிப்படி முதல் 5 ஆண்டுப் பராமரிப்பை யார், எப்படிச் செய்வார்கள் என்ற விவரம் ஆகியவை அடுத்தடுத்து வரட்டும். மிச்சமாகும் தொகையைக் குறிப்பிட விரும்பும் நிறுவனம், அந்த வீட்டின் மின் இணைப்பு எண்ணுக்கு உரிய ஓராண்டுப் பயன்பாட்டைக் கொண்டே அதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அந்தப் புள்ளிவிவரம் கழகத்தின் கணினியிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்தால், இந்த ஆண்டு மாடியில் சோலார் ஏற்றக் காத்திருக்கும் கடலோர மாவட்ட மக்களுக்கு உடனடியாகப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கடலூர்.