திரைப்படக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு முழுவதும் ஒரே நடிகையின் படங்களைத் திரையிடுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். பிரெஞ்சு நடிகை ழான் மோரோ (1928–2017). ஒரே முகத்தை எத்தனை மாதம் பார்ப்பது என்று அன்று முணுமுணுத்தவர்களும் பிறகு தவறாமல் வந்தார்கள் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

தொடக்கமாக இயக்குநர் லூயி மாலின் 'எலிவேட்டர் டு த கேலோஸ்' (1958) திரையிட்டோம். மோரோ அதற்கு முன்பே கொமெதி பிரான்சேஸ் நாடகக் குழுவில் நடித்துப் பெயர் வாங்கியவர். சினிமாவிலும் புதியவர் அல்லர். ஆனால் கனத்த ஒப்பனையும் ஸ்டுடியோ விளக்குகளும் அந்த முகத்தைப் பார்க்க விட்டதில்லை. மாலும் ஒளிப்பதிவாளர் ஆன்றி தெக்காயும் அவரை இரவில் பாரிஸின் ஷான்ஸ் எலிசே சாலையில் நடக்கவிட்டு, கடை ஜன்னல்களின் வெளிச்சத்திலேயே படமெடுத்தார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம் அப்படியே தெரிந்தது. நடிகையைக் கெடுக்கிறார்களே என்று பிலிம் லேப் ஊழியர்களே தயாரிப்பாளரிடம் போய் முறையிட்டார்களாம்! அந்த நடைக்கு ஜாஸ் இசைக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் காட்சிகளைப் பார்த்தபடியே டிரம்பெட் வாசித்து, ஒரே இரவில் இசையமைத்து முடித்தார். இந்தப் படத்தில் நடித்தபோது மோரோவுக்கு முப்பது வயதை ஒட்டி இருந்தது. நம் ஊர்ச் சினிமாவில் அக்கா வேடத்துக்குத் தள்ளிவிடும் வயது.

அதே ஆண்டு வந்த 'த லவ்வர்ஸ்' படத்தைத் திரையிட்டதற்காக அமெரிக்காவின் ஒஹையோவில் தியேட்டர் மேலாளர் ஒருவர் ஆபாசப் படம் காட்டினார் என்று தண்டிக்கப்பட்டு, 1964இல் உச்ச நீதிமன்றம்தான் அவரை விடுவித்தது. நமக்கு அப்படி எந்தச் சிக்கலும் வரவில்லை. அந்தோனியோனியின் 'லா நோத்தே' (1961) நாளில் இடைவேளைக்குப் பின் நாற்காலிகள் காலியானது உண்மை. என் கணிப்பில் இவ்வாண்டின் சிறந்த படம் அதுதான். த்ரூஃபோவின் 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' (1962) அரங்கு நிறைந்தது. மோரோ பாடும் பாட்டை மறுபடி போடச் சொன்னார்கள், போட்டோம். பூனுவலின் 'டயரி ஆஃப் எ சேம்பர்மெய்ட்' (1964) படத்துக்குப் பின் நடந்த விவாதம் இரவு வெகுநேரம் நீண்டது.

1960 கான் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகை விருதைப் பெற்றுத் தந்த 'மோடராட்டோ கான்டாபிலே' நல்ல பிரதியாகக் கிடைக்கவில்லை. அவரே இயக்கிய 'லூமியேர்' (1976) படத்துக்கு இன்னும் முயன்று வருகிறோம். கிடைத்தால் வரும் ஆண்டின் முதல் திரையிடல் அதுவாக இருக்கும்.

சந்தா பாக்கி வைத்திருப்போர் இன்றே செலுத்திவிடலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்